ஆச்சியின் சுருக்குப்பையும் டச் மிஷினும்

ஆச்சி காலமாகிப் பதினாறு முடிந்த பிறகுதான் அவள் சுருக்குப்பையை அவிழ்க்க வீட்டில் மனசு வந்தது. கொட்டியதில் ஒரு பாக்குவெட்டி, காய்ந்த கிராம்பு நாலைந்து, மற்றதெல்லாம் காசு. விக்டோரியா ராணி தலை போட்ட ரூபாய் ஒன்று. ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1944-ஆம் வருஷத்து ரூபாய் இரண்டு. ஓட்டைக் காலணா ஏழு. தாமரைப்பூ போட்ட மஞ்சள் இருபது பைசா ஒரு கைப்பிடி. எல்லாவற்றுக்கும் அடியில், கட்டைவிரல் நகத்தளவுக்குச் சதுரமாக, பச்சையும் கறுப்புமாகக் களிம்பேறிய செப்புத் துண்டு ஒன்று. வெயிலில் சாய்த்துப் பிடித்தால் ஒரு பக்கம் யானை முதுகு போல ஒரு வளைவு, மறுபக்கம் மீன் போலச் சில கோடுகள். ஆச்சி பிறந்தது திருச்செந்தூர்ப் பக்கம். சிறுபிள்ளையாக இருக்கும்போது தேரியில், அதாவது அந்தப் பக்கத்துச் செம்மணல் மேட்டில், விறகு பொறுக்கப் போன இடத்தில் எடுத்தது என்று அத்தைக்கு ஞாபகம்.

வீட்டில் பேச்சு முழுக்கத் தாமரைக் காசைப் பற்றித்தான். அதில் தங்கம் கலந்திருக்கிறது என்பது ரொம்ப நாளாகச் சொல்லப்படுகிற கதை. நூற்றெட்டுத் தாமரைக் காசு சேர்த்து லட்சுமி பூஜை செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மாமாவுக்குச் சந்தேகமே இல்லை. “தங்கம் கெடக்கப் போய்த்தான அடிக்கிறத நிப்பாட்டிட்டான்” என்றார். சரி, சோதித்தே பார்த்துவிடுவோம் என்று பையை மடியில் வைத்துக்கொண்டு திருநெல்வேலி டவுனுக்குப் பஸ் ஏறினேன்.

டவுனில் நகைக்கடைகள் இருக்கிற பக்கமெல்லாம் ‘டச்’ பார்க்கிற கடையும் இருக்கும். தங்கத்தின் தரத்தை ஆசாரிகளும் வியாபாரிகளும் அந்தச் சொல்லால்தான் சொல்வார்கள்: 92 டச், 75 டச். உரைகல்லில் தொட்டு உரசிப் பார்த்த காலத்துச் சொல். மிஷின் வந்த பிறகும் போகவில்லை. கடை அண்ணாச்சி நான் கொட்டிய காசுகளைப் பார்த்துச் சிரித்தார். “தம்பி, நகைன்னா அடிச்சுச் சொல்லிருவேன். துட்டுக்கு இது சரியா வருமான்னு தெரியாது, பாத்துக்கிடுங்க.”

அவர் துட்டு என்றது பொருத்தம்தான். 1658-இல் தூத்துக்குடியைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்த டச்சுக் கம்பெனி புழங்கவிட்ட ‘டொய்ட்’ என்ற செப்புக்காசுதான் நம் வாயில் துட்டு ஆனது என்று ஒரு கருத்து உண்டு. அந்தக் காசில் கம்பெனி முத்திரையாக மூன்று ரோமன் எழுத்துகள் பின்னிக் கிடக்கும்: வி, ஓ, சி. அதைப் பார்த்துக் கப்பலோட்டிய வ.உ.சி. அடித்த காசு என்று சின்ன வயதில் நான் நம்பியிருக்கிறேன்.

தாமரைக் காசை மிஷினின் சிறு துளைமேல் வைத்து மூடியைச் சாத்தினார். திரையின் மூலையில் தாமரை இதழ் ஒன்று பெரிதாகத் தெரிந்தது. கதிர் விழும் இடத்தைக் காட்டி நடுவே ஒரு சின்ன வட்டம். அரை நிமிஷம் ஆனது. செம்பு, துத்தநாகம், நிக்கல் என்று வரிசையாக வந்து, கடைசி வரியில் தங்கம் 0.3 என்று நின்றது.

“ஏ தம்பி, தங்கம் காட்டுதுல்லா!” என்றார் அண்ணாச்சி. அந்த நேரம் மாமா பக்கத்தில் இருந்திருந்தால் காசு அன்றைக்கே உலைக்குப் போயிருக்கும்.

டச் மிஷின் பார்ப்பது எக்ஸ்ரேயை வைத்துத்தான். எக்ஸ்ரே என்றதும் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுக்கு எடுக்கிற படம்தான் நமக்கு நினைவுக்கு வரும். அது கதிரை உடம்புக்குள் செலுத்தி மறுபுறம் விழும் நிழலைப் பிடிப்பது. டச் மிஷினுக்கு நிழல் வேண்டாம். அதில் கதிர் உலோகத்தைத் தட்டுகிறது. தட்டுப்பட்ட உலோகம் தன் பங்குக்கு வேறொரு எக்ஸ் கதிரைத் திருப்பி விடுகிறது. திரும்பி வரும் அந்தக் கதிரைப் படிப்பதுதான் எக்ஸ்.ஆர்.எஃப். என்று சொல்லப்படும் சோதனை. காசு சூடாவதில்லை, கீறல் விழுவதில்லை, எடை குறைவதில்லை. பழங்காசு ஆராய்ச்சியாளர்களுக்கு இது பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத்தூண்களைத் தட்டிக் கேட்டவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பார்க்க எல்லாம் ஒரே கல்தான். தட்டினால் தூணுக்குத் தூண் ஸ்வரம் வேறு. பழகிய காது கண்ணை மூடிக்கொண்டே எந்தத் தூண் என்று சொல்லிவிடும். அணுக்களும் அப்படித்தான். உட்கருவை ஒட்டிய கூட்டில் இருக்கும் எலெக்ட்ரான் ஒன்றை எக்ஸ் கதிர் வெளியே தள்ளிவிடுகிறது. காலியான இடத்துக்கு வெளிக்கூட்டிலிருந்து இன்னொரு எலெக்ட்ரான் இறங்கி வருகிறது. இறங்கும்போது மிஞ்சுகிற ஆற்றல் எக்ஸ் கதிராக வெளியேறுகிறது. எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறது என்பது தனிமத்துக்குத் தனிமம் மாறும். ஆகவே வெளிவரும் கதிரின் ஆற்றலும் மாறும். கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கணக்கில் செம்புக்கு 8.05, துத்தநாகத்துக்கு 8.64, வெள்ளிக்கு 22.16, வெள்ளீயத்துக்கு 25.27. அணு எண் ஏற ஏற இந்தச் ஸ்வரமும் ஒழுங்காக ஏறுகிறது என்பதை 1913-இல் கண்டு சொன்னவர் ஹென்றி மோஸ்லி என்ற இங்கிலாந்து இளைஞர். இரண்டு வருஷம் கழித்து, 27 வயதில், கலிப்போலிப் போர்க்களத்தில் குண்டடிபட்டுச் செத்துப்போனார். இன்று ரதவீதியில் டச் பார்க்கிற ஒவ்வொரு கடையும் அவர் போட்ட கணக்கின் மேல்தான் நடக்கிறது.

தங்கம், ஈயம் போன்ற கனமான உலோகங்களின் உட்கூட்டு எலெக்ட்ரானை அசைக்க இந்தச் சின்ன மிஷினின் கதிருக்குத் தெம்பு போதாது. அதனால் அவற்றுக்கு அடுத்த கூட்டைத் தட்டி, அங்கிருந்து வரும் ஸ்வரங்களைக் கேட்கிறார்கள். தங்கத்துக்கு அவை 9.71, 11.44. ஈயத்துக்கு 10.55, 12.61.

தாமரைக் காசின் வில்லங்கம் இங்கேதான் இருக்கிறது. துத்தநாகமும் ஒற்றை ஸ்வரத்தோடு நிற்பதில்லை. 8.64 அதன் பெரிய குரல் என்றால், 9.57-இல் பக்கத்துணையாக ஒரு சின்னக் குரலும் உண்டு. தங்கத்தின் 9.71-க்கும் இதற்கும் இடைவெளி வெறும் 0.14. மிஷினின் காதுக்கு அவ்வளவு நெருக்கத்தைப் பிரிக்கத் தெரியாது. நல்ல மிஷினிலேயே ஒவ்வொரு ஸ்வரமும் ஏறக்குறைய அந்த அகலத்துக்குக் கசிந்துதான் பதிவாகும். இரண்டும் ஒரே மேடாகத் தெரிய, இதில் துத்தநாகத்தின் பங்கு எவ்வளவு, தங்கத்தின் பங்கு எவ்வளவு என்று உள்ளிருக்கும் மென்பொருள் கணக்குப் போட்டுப் பிரிக்கிறது. நகைக்கடை மிஷினுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பது நகையை எதிர்பார்க்கத்தான். முன்னால் வைத்தது தங்கமாகத்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பவரிடம் பித்தளையைக் கொடுத்தால், அதிலும் ஒரு துளி தங்கத்தைப் பார்த்துவிடுவார்.

சந்தேகத்தைத் தீர்க்கச் சுலபமான வழி, தங்கத்தின் இரண்டாவது குரலைத் தேடுவது. “அந்த எண்ணை விட்டுருங்க அண்ணாச்சி, கோட்டுப் படம் இருக்கும்லா, அதைத் திறங்க” என்றேன். அவர் அதை அதிகம் திறந்ததில்லை போலிருக்கிறது; இரண்டு மூன்று இடத்தில் தட்டித்தான் வந்தது. 8-லிருந்து 10 வரை மேடும் பள்ளமுமாகக் கோபுரங்கள். 11.44-இல் ஒன்றுமில்லை, வயல் வரப்பு மாதிரி சமமாகக் கிடந்தது. தங்கம் இருந்தால் இரண்டு இடத்திலும் எழ வேண்டும். ஒன்றில் மட்டும் எழாது. 1968-இலிருந்து 1971 வரை வந்த அந்தத் தாமரைக் காசு நிக்கல் பித்தளை. செம்பும் துத்தநாகமும் கொஞ்சம் நிக்கலும்தான், வேறொன்றுமில்லை.

மிஷினின் இன்னொரு பழக்கத்தையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். தனக்குக் கேட்டதை மட்டும் கூட்டி, மொத்தம் நூறு என்று காட்டிவிடும். கேட்காததற்கு அதில் இடம் கிடையாது. அலுமினியத்தின் ஸ்வரம் 1.49, காசிலிருந்து கிளம்பிக் காற்றைக் கடப்பதற்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடும். காந்தி நூற்றாண்டுக்கு வெளியிட்ட இருபது பைசா அலுமினிய வெண்கலம். அதை இந்த மிஷினில் வைத்தால் கிட்டத்தட்ட முழுக்கச் செம்பு என்றுதான் வரும். திரையில் நூறு என்று பார்த்ததும் கணக்கு முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம்.

அடுத்து வெள்ளி ரூபாய்கள். எனக்கு உண்மையில் ஆர்வம் இவற்றின் மேல்தான், ஏனென்றால் இவற்றில் என்ன கலந்திருக்கிறது என்பது சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 1835-ஆம் வருஷச் சட்டப்படி ஒரு ரூபாய் 180 கிரெயின் எடை, அதாவது 11.66 கிராம், ஒரு தோலா. வைத்தியர்கள் மருந்துக்கு ‘ரூபாய் எடை’ என்று சொல்வது இதைத்தான். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, 91.7 சதவீதம். இரண்டாம் உலகப் போரின்போது, 1940-இல், அது பாதியாக இறங்கியது: வெள்ளி 50, செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5. போர் முடிந்து 1947-இல் வந்த ரூபாயில் வெள்ளியே இல்லை, சுத்த நிக்கல். விடை தெரிந்த கணக்கை மிஷினுக்குக் கொடுத்துப் பார்ப்பது மாதிரி இது.

விக்டோரியா ரூபாய்க்கு மிஷின் 94-க்கு மேல் சொன்னது. சட்டத்தைத் தாண்டி வெள்ளி போட்டுக் கொடுக்கிற அளவுக்கு வெள்ளைக்காரன் தாராளமானவன் இல்லை. 1944 ரூபாய் இன்னும் வேடிக்கை. எழுத்துகளுக்கு நடுவே பள்ளமான இடத்தில் வைத்தால் வெள்ளி 60-ஐத் தாண்டியது. மன்னரின் கன்னத்தில், தேய்ந்து மஞ்சள் பாரித்த மேட்டில் வைத்தால் ஐம்பதை ஒட்டி இறங்கியது. ஒரே காசு, அரை அங்குல தூரம், இரண்டு விடை.

இரண்டும் சரியான விடைதான். மிஷின் பார்ப்பது தோலை மட்டும். செம்பின் 8.05 மெல்லிய குரல். வெள்ளிக்குள்ளிருந்து அது வெளியே தப்பி வருவது சில மைக்ரான் ஆழத்திலிருந்துதான். தலைமுடியின் குறுக்களவில் அது ஒரு சிறு பங்கு. வெள்ளியின் 22.16 கொஞ்சம் வலுத்த குரல் என்பதால் சில பத்து மைக்ரான் ஆழத்திலிருந்தும் கேட்கும். அதற்குக் கீழே முழுக்க இரும்பே இருந்தாலும் மிஷினுக்குத் தெரியாது. வெள்ளி-செம்புக் கலவையின் தோலோ உள்ளிருப்பதைப் போல இருப்பதே இல்லை. நாணயச் சாலையில் வட்டத்தகட்டைச் சூடாக்கும்போது மேற்பரப்பில் உள்ள செம்பு காற்றோடு சேர்ந்து கறுத்துவிடும். அந்தக் கறுப்பை அமிலத்தில் முக்கி எடுத்தால் செம்பு கரைந்துபோய் வெள்ளி மட்டும் மேலே நிற்கும். பாதிச் செம்பு கலந்த காசும் புதிதில் பால்போல இருப்பது இதனால்தான். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பி வாங்கியவர்கள், கை பட்டுத் தேய்ந்த பிறகு மன்னர் கன்னத்தில் மஞ்சளைப் பார்த்தார்கள். மண்ணுக்குள் கிடக்கும் காசில் இதே வேலையை மண்ணின் ஈரம் செய்கிறது. செம்பு முதலில் கரையும், வெள்ளி நிற்கும். நூற்றாண்டுகள் போனால் தோல் இன்னும் தடிக்கும்.

பெரிய அறிஞர்களையே இந்தத் தோல் ஏமாற்றியிருக்கிறது. ரோமப் பேரரசின் தெனாரியஸ் வெள்ளிக்காசுகளை டேவிட் வாக்கர் என்ற ஆய்வாளர் 1970-களில் எக்ஸ்.ஆர்.எஃப். மூலம் ஆயிரக்கணக்கில் அளந்து, எந்த மன்னன் எவ்வளவு வெள்ளியைக் குறைத்தான் என்று பட்டியல் போட்டார். பல வருஷம் எல்லாரும் அதைத்தான் எடுத்துச் சொன்னார்கள். பிறகு கெவின் புட்சரும் மேத்யூ பாண்டிங்கும் காசின் விளிம்பில் மெல்லிய துளையிட்டு, தோலை ஒதுக்கிவிட்டு, உள்ளே இருந்த துருவலை மட்டும் எடுத்துச் சோதித்தார்கள். நீரோ கி.பி. 64-இல் செய்த மாற்றத்துக்குப் பிறகு வந்த காசுகளில் வாக்கர் 90-க்கு மேல் என்று சொன்ன இடத்தில் உண்மையில் இருந்தது சுமார் 80. ஒரு பேரரசின் பணக் கொள்கையே அந்த மெல்லிய தோலுக்குள் ஒளிந்திருந்திருக்கிறது. நம் நாட்டுக்கு மிளகுக்கும் முத்துக்கும் விலையாக வந்த தெனாரியஸ் காசுகளில் பெரும்பங்கு அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை, நீரோ கைவைப்பதற்கு முன் வந்தவை. எந்தக் காசு நல்ல காசு என்று நம் வியாபாரிகளுக்கு மிஷின் இல்லாமலே தெரிந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தெரியாமல் எப்படி? காசையும் பொன்னையும் நோட்டம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு வண்ணக்கர் என்று பெயர். சங்கப் புலவர்களிலேயே அந்தப் பட்டத்தோடு இருக்கிறார்கள்: வடவண்ணக்கன் தாமோதரனார், வடமவண்ணக்கன் பேரிசாத்தனார். பகலில் காசு பார்த்து, இரவில் பாட்டுக் கட்டினார்கள் போல. உரைகல்லில் பொன்னை ஒரு கோடு இழுத்து, பக்கத்திலேயே தரம் தெரிந்த பொன்னால் இன்னொரு கோடு இழுத்து, நிறத்தை ஒப்பிடுவது அவர்கள் வழி. ஆணிப்பொன், பத்தரை மாற்று என்றெல்லாம் இன்றும் நாம் பேசுவது அந்தத் தொழிலின் மிச்சம். உரைகல்லுக்கும் தோல்தான் தெரியும்; ஆனால் நாலு முறை அழுத்தி உரசினால் தோல் கழன்று உள்ளே இருப்பது கல்லில் ஏறிவிடும். அந்த வகையில் அது மிஷினைவிட ஒரு படி மேல். ஹால்மார்க் மையங்களில் இன்றும் மிஷின் முதல் வடிகட்டி மட்டும்தான். 916 முத்திரைக்கு அதன் சொல்லே கடைசிச் சொல் இல்லை. நகையில் கொஞ்சம் சுரண்டி, ஈயத்தோடு சேர்த்து உலையில் சுட்டு, மிஞ்சிய தங்கத்தை நிறுத்துப் பார்ப்பதுதான் முடிவான சோதனை. பழங்காசை யார் சுரண்ட விடுவார்கள்?

கடைசியாக மீன் காசு. சதுரச் செம்பில் ஒரு பக்கம் யானை, மறுபக்கம் கோடுகளால் ஆன மீன் என்றால் அது சங்ககாலப் பாண்டியர் காசின் அமைப்பு. ஆச்சியுடையது அதுதான் என்று சத்தியம் செய்ய நான் ஆளில்லை. திருநெல்வேலிச் சீமையின் காசுகளுக்குப் பழைய ஆராய்ச்சி மரபு உண்டு. இடையன்குடியில் இருந்த கால்டுவெல் கொற்கையில் தோண்டிப் பார்த்தார். 1888-லேயே லோவென்தால் என்ற பாதிரியார் திருநெல்வேலிக் காசுகளைப் பற்றி மட்டுமே ஒரு சிறு நூல் எழுதினார். 1980-களில் இரா. கிருஷ்ணமூர்த்தி தமிழ் பிராமியில் ‘பெருவழுதி’ என்று எழுதிய பாண்டியர் காசை வெளியிட்டபோதுதான், இந்த யானை, மீன் காசுகளைச் சங்ககாலத்தோடு உறுதியாக முடிச்சுப்போட முடிந்தது. அவர்கள் கையில் இருந்ததெல்லாம் தராசு, பூதக்கண்ணாடி, கண்.

மிஷின் இந்தக் காசுக்குச் செம்பு, ஈயம், இரும்பு என்று சொல்லி, கூடவே டைட்டானியம், சிர்கோனியம் என்றும் போட்டது. அண்ணாச்சிக்கு ஒரே ஆச்சரியம். “வாட்ச்சுல போடுத டைட்டானியமா?” அதேதான், ஆனால் காசில் இல்லை, காசின் மேல். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மண் சிவந்திருப்பது இரும்பால். அதில் கறுப்பு மணலாகக் கலந்து கிடக்கும் இல்மனைட் என்பது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த கனிமம். சிர்க்கான் மணலும் அதே கூட்டம்தான். பழங்காலத்துக் காசு எதிலும் யாரும் டைட்டானியத்தை உருக்கிச் சேர்த்திருக்க முடியாது. ஆக, மிஷின் மண்ணைப் படித்திருக்கிறது. எனக்கு அது குறையாகப் படவில்லை. தேரியில் எடுத்தது என்று அத்தை சொன்ன வாய்மொழிக்கு அதைவிட நல்ல சாட்சி வேறென்ன வேண்டும்? பழங்காசின் களிம்பைச் சுத்தம் செய்யாமல் வைத்திருக்க இது ஒரு காரணம். கலவையின் விகிதத்தைத் தெரிந்துகொள்ளக் களிம்பு இடைஞ்சல்; காசு கிடந்த இடத்தைத் தெரிந்துகொள்ள அதுதான் ஆவணம்.

செம்போடு ஈயம் தெரிவது சாதாரணம். ஈயம் சேர்த்தால் செம்பு அச்சில் இலகுவாக ஓடும். ஆனால் ஈயம் செம்பில் கரைவதில்லை. தண்ணீரில் எண்ணெய் மாதிரி துளித்துளியாகத் தனியே நிற்கும். ஒரு மில்லிமீட்டர் வட்டத்தில் பார்க்கும் மிஷின் ஈயத்துளியின் மேல் விழுந்தால் ஒரு எண், தள்ளி விழுந்தால் வேறு எண். அதோடு ஈயத்தின் 10.55-இலேயே ஆர்செனிக்கின் 10.54-உம் இருக்கிறது. பழைய செம்பில் ஆர்செனிக் கலந்திருப்பதும் உண்டு என்பதால், இங்கேயும் இரண்டாவது குரலைக் கேட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும். வெண்கலத்தில் கதை தலைகீழ். மண்ணுக்குள் செம்பு கரைந்து, வெள்ளீயம் தோலில் தங்கிவிடும். ஆதிச்சநல்லூரில் எடுத்த மெல்லிய வெண்கலக் கிண்ணம் போன்ற பொருளைத் தோலை மட்டும் அளந்து பேசினால், வெள்ளீயத்தைக் கூட்டித்தான் சொல்லுவோம்.

போலியைப் பிடிக்க மிஷின் நல்ல துணை. அதற்கு நல்ல அடையாளம் துத்தநாகம். செம்பு உருகுவது 1085 டிகிரியில். துத்தநாகமோ 907-லேயே ஆவியாகிவிடும். அதனால் பழங்காலத்தவர்களால் இரண்டையும் நேரடியாகக் கலக்க முடியவில்லை. துத்தநாகத் தாதுவையும் கரியையும் செம்புத் துண்டுகளையும் மூடிய மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண் குப்பியில், வைத்துச் சூடாக்கி, எழுந்த ஆவியைச் செம்பு உறிஞ்சட்டும் என்று விட்டார்கள். இந்த முறையில் துத்தநாகம் 28 சதவீதத்தை ஒட்டித்தான் ஏறும். துத்தநாகத்தைத் தனியே வடித்துப் பிடிக்கும் வித்தையைப் பெரிய அளவில் செய்தது ராஜஸ்தானத்து ஜாவர் சுரங்கத்தில், அதுவும் இடைக்காலத்தில். சங்ககாலப் பாண்டியர் காசு என்று விற்க வருகிற ஒன்றில் துத்தநாகம் 35 என்று காட்டினால், மேற்கொண்டு எழுத்து, மீன், யானை எதையும் பார்க்க வேண்டியதில்லை. ஆச்சி காசில் துத்தநாகம் இல்லை. அதை வைத்து அது அசல் என்று சொல்லிவிட முடியாது; அந்தக் காரணத்துக்காகப் போலி என்று தள்ள முடியாது, அவ்வளவுதான்.

நான் அங்கே இருக்கும்போதே ஒருத்தர் வேட்டி மடிப்பிலிருந்து கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து ஒரு காசை நீட்டினார். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் கம்பெனி பெயரோடு 1818, அரை அணா. “அண்ணாச்சி, இரிடியம் எத்தன பெர்சன்ட்னு மட்டும் சொல்லுங்க.” அண்ணாச்சி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். சென்னையில் கம்பெனி சாமி உருவம் போட்ட தங்க வராகன் அடித்தது உண்மை. ஆனால் ராமர் பட்டாபிஷேக அரை அணா எந்த நாணயச் சாலையிலும் அடித்ததல்ல. பிற்பாடு யாரோ செய்து சந்தையில் விட்டது. அரிசியை இழுக்கும், உள்ளே இரிடியம் இருக்கிறது, வெளிநாட்டில் கோடிக்கு வாங்குவார்கள் என்று சொல்லி முன்பணம் பிடுங்கும் கும்பல்களைப் போலீஸ் எத்தனை முறை பிடித்தாலும் கதை ஓயவில்லை. இரிடியம் என்ற தனிமத்தை லண்டனில் முதன்முதலில் பிரித்துக் கண்டதே 1803-இல். அது உருக 2446 டிகிரி வேண்டும். செப்புக்காசு அடிக்கிற உலையில் அது கலக்கவே கலக்காது. அரிசியை இழுக்கும் குணமும் அதற்குக் கிடையாது. காந்தமும் இரும்புத்தூள் தடவிய அரிசியும் இருந்தால் யாரும் அந்த வித்தையைக் காட்டலாம்.

மிஷின் செம்பு, துத்தநாகம் என்று சொன்னது. வெறும் பித்தளை. இரிடியம் ஒலிக்க வேண்டிய 9.18-இல் ஒன்றும் எழவில்லை. அவர் நம்பவில்லை. “இன்னொரு தடவ வைங்க” என்றார். திருப்பி வைத்தார் அண்ணாச்சி. மறுபக்கமும் பித்தளைதான். யாரிடம் எவ்வளவு கொடுத்திருந்தாரோ, காசை முடிந்துகொண்டு பேசாமல் படியிறங்கிப் போனார். அவரிடம் மட்டும் அண்ணாச்சி கூலி வாங்கவில்லை.

மீன் காசை இன்னும் இரண்டு மூன்று இடத்தில் வைத்து, பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த நாணயச் சேகரிப்பாளர் ஒருவரையும் கூட்டிவந்து, நிதானமாகப் பார்க்கலாம் என்று அன்றைக்குத் திரும்பிவிட்டேன். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கண்டால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்று 1878-ஆம் வருஷச் சட்டம் ஒன்று இருப்பதை அவர்தான் போனில் நினைவுபடுத்தினார். விறகு பொறுக்கப் போன ஒரு சிறுமியின் மடியில் ஏறிய ஒற்றைக் காசுக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதை நேரில் பேசிக்கொள்வோம் என்றார். காசை ஒரு காகிதத்தில் மடித்து சாமி அலமாரியில் வைத்தேன். வீட்டில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அது என் தப்பு.

அடுத்த வாரம் எடுக்கப் போனால் காசு குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் செக்கச்செவேலென்று இருக்கிறது. “களிம்பேறிக் கெடந்துச்சுல்லா, அதான் புளியும் உப்பும் போட்டுத் தேச்சேன். பாரு, எப்படி மின்னுதுன்னு” என்றாள் அத்தை, சந்தோஷமாக. அவளிடம் என்ன சொல்ல? அண்ணாச்சி மறுபடி மிஷினில் வைத்தார். டைட்டானியம் இல்லை. சிர்கோனியம் இல்லை. இரும்பு பெயருக்கு. செம்பு முன்னைவிடக் கூடியிருந்தது. திரையின் மூலையில் பெரிதாகத் தெரிந்த படத்தில் மீனின் கோடுகளைத் தேடினேன். மூன்றில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.